விலைபோகாத கோழி

காலையில் எழுந்ததும் மிரான் ஃபிரிட்ஜைத் திறந்து பார்ப்பாள். முந்தைய நாள் விலைபோகாத வறுத்த கோழி, எண்ணெய் ஊறிய அட்டைப்பெட்டிகளில் அடுக்கியிருக்கும். அன்றைய சமையல் என்ன, கடை எப்படி நடந்தது என்ற இரண்டும் அவளுக்கு அப்போதே தெரிந்துவிடும்.

அவள் கணவன் தேகோன், ஐம்பதைத் தாண்டியவர்களைக் கம்பெனி வீட்டுக்கு அனுப்பியபோது வெளியே வந்தவன். அப்படி வருகிறவர்கள் வழக்கமாகச் செய்வதைத்தான் அவனும் செய்தான். கைக்கு வந்த பணத்தைப் போட்டு, சோங்ஜு நகரத்து முசிம் ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு வறுத்த கோழிக் கடை திறந்தான். அந்தத் தெருவில் ஏற்கெனவே நாலு கடை இருந்தது. அதில் ஒன்று நேர் எதிரில்.

மிரானுக்குச் சலவைக் கடையில் இஸ்திரி போடும் வேலை. பகலெல்லாம் நின்றபடியே நீராவியில் வெந்துவிட்டு, வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றிய கையோடு கோழியை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவாள். நமத்துப்போன மாவுத்தோலை உரிப்பாள். கறியை நார் நாராகப் பிய்ப்பாள். எலும்பை இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாளோடு கொதிக்கப் போடுவாள். ஒரு நாள் அந்தச் சாற்றில் அரிசியைப் போட்டுக் கஞ்சி. மறுநாள் முள்ளங்கியும் மிளகாய்த்தூளும் போட்டுச் சிவப்பாக ஒரு சூப். அதற்கும் மறுநாள், புளித்த கிம்ச்சி ஊறுகாயை நறுக்கிப் போட்டுப் பிரட்டிய சோறு. கால் ரொம்பக் கடுத்தால், சோயா சாஸில் சர்க்கரை கரைத்துக் கறியைப் புரட்டிச் சோற்றின் மேல் கொட்டிவிடுவாள். பெயர் மாறும், கோழி மாறாது.

"இன்னைக்கு என்னம்மா?" என்று கேட்பாள் பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம் படிக்கும் மகள் போரிம்.

"சூப்பு."

"எது போட்ட சூப்புன்னு கேக்க வேணாம்ல?"

"தெரியுதுல்ல. கிண்ணத்தை எடு."

"கிளாஸ்ல என்னை எண்ணெச்சட்டின்னு கூப்பிடுறாங்க. என் ஜாக்கெட்டுலகூட வாடை அடிக்குதாம்."

"சட்டி இல்லாம எவ வீட்டுலயும் சமைக்க முடியாது. ஆறறதுக்குள்ள சாப்பிடு."

குளிர் தொடங்கியதும் ஃபிரிட்ஜில் பெட்டிகள் கூடின. ஆர்டர் கொடுத்தவர்கள் கடைசி நிமிடத்தில் வேண்டாம் என்றுவிடுகிறார்கள் என்றான் தேகோன். வியாபாரம் குறையக் குறைய மிச்சம் ஏன் கூடுகிறது என்று மிரானுக்கு ஒரு சந்தேகம் வராமல் இல்லை. ஆனால் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது பதில் வரும். வந்தால் அதற்கு ஏதாவது செய்தாக வேண்டும். அதற்குத் தெம்பில்லை.

ஒரு நாள் மத்தியானம் சலவைக் கடையில் பாய்லர் கெட்டுப்போனது. முதலாளியம்மா எல்லோரையும் போகச் சொல்லிவிட்டாள். மிரான் பஸ் ஏறாமல் ஓடைக்கரையோடு நடந்தாள். பாலத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பெட்டி வைத்த ஸ்கூட்டர் நின்றது. பெஞ்சில் தேகோன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கோழிப் பெட்டிகள். கொஞ்ச நேரம் அவள் தள்ளி நின்றே பார்த்தாள். அவன் எழுந்தான், நாலடி நடந்தான், திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தான்.

அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "டெலிவரியா?"

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "ஆமா. அந்த அப்பார்ட்மென்ட்டுக்கு."

"எந்த அப்பார்ட்மென்ட்?"

அவன் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். நெற்றியில் முடி ஒட்டிக் கிடந்தது. "யாருக்கும் இல்ல," என்றான்.

"அப்புறம் எதுக்கு வறுத்தீங்க?"

"புகை வரலைன்னா கடையை மூடிட்டோம்னு நினைச்சிடுவாங்க. எதிர்க்கடைக்காரன் வேற கண்ணாடி வழியா பாத்துக்கிட்டே இருக்கான். வண்டிய எடுத்துட்டு வெளிய கிளம்பினா, ஆர்டர் வந்திருக்குன்னு நினைப்பான்ல."

"அவன் என்ன நினைச்சா நமக்கென்ன?"

"ஒண்ணுமில்ல," என்றான் தேகோன்.

யாருக்கும் வேண்டாத கோழியில் அவன் மாவைப் பூசியிருக்கிறான், அதை இவள் உட்கார்ந்து உரித்திருக்கிறாள். கோபம் வரத்தான் செய்தது. ஆனால் அவளைப் போலவே அதுவும் களைத்துப்போய் வந்தது.

"தினமும் சாயங்காலம் நான் அந்த மாவை உரிக்கிறேன், போரிம் அப்பா. நகத்துக்குள்ள போய் உக்காந்துக்குது."

"தெரியும்."

"தெரியுமா?"

"அதான் கொஞ்ச நாளா மாவு கம்மியா போட்டேன்."

மிரானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்து ஓய்ந்தபோது கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"மூடிடலாம்ங்க."

"மூடிட்டு என்ன பண்றது?"

"முதல்ல தூங்குங்க. மத்ததைப் பிறகு பாப்போம்."

மரத்தடியில் காய் நகர்த்தி ஆடிக்கொண்டிருந்த கிழவர்களிடம் பெட்டிகளை நீட்டினாள். "எவ்வளவும்மா?" என்றார் ஒருவர்.

"சும்மாதான் தாத்தா."

"அப்ப கெட்டுப்போனதா?"

"இல்ல. கெட்டது எங்க யாவாரம்தான்."

வருடம் முடிவதற்குள் கடையை மூடினார்கள். வறுக்கும் இயந்திரங்களைப் பழைய சாமான்காரன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். எதிர்க்கடைக்காரன் வெளியே வந்து ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டான். "அடுத்த வருஷம் நானும் இதே வண்டிக்குத்தான் போன் பண்ணணும் போல," என்றான்.

மிஞ்சிய பச்சைக் கோழிகள் வீட்டு ஃப்ரீசருக்கு வந்து சேர்ந்தன. தேகோன் படுத்தவன் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் மிரான் ஒரு முழுக் கோழியை, வயிற்றுக்குள் குழைந்து ஒட்டும் அரிசியும் பூண்டும் வைத்து, வெறும் தண்ணீரில் வேகவிட்டாள். போரிம் பானைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"மாவு இல்லாம கோழி இப்படித்தான் இருக்குமா? பாவமா இருக்கு."

வாசனைக்குத் தேகோன் எழுந்து வந்து உட்கார்ந்தான். அவன் சாற்றை ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பு கொஞ்சம்," என்றான். அதன் பிறகு தொடை முழுவதையும் தின்றான்.

ஜனவரியில் தேகோனுக்கு ஒரு சரக்குக் கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை கிடைத்தது. இடுப்பு வலிக்கிறது என்பான், ஆனால் கோழிப் பெட்டி இல்லாமல் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தான். ஃப்ரீசர் காலியாக இன்னும் நாளாகும் போலிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, முந்தைய நாள் வேகவைத்ததில் மிச்சத்தை அவனே எடுத்து வைத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தான்.

"நார் நாராவா, துண்டாவா?" என்று கேட்டான்.

"எப்படியோ. வாய்க்குள்ள போனாச் சரி," என்றாள் மிரான்.

கறியைப் பிய்த்துவிட்டு எலும்பை அடுப்பில் ஏற்றினான். "இதை எவ்வளவு நேரம் கொதிக்க விடணும்?"

மிரான் அடியில் வெந்நீர்க் குழாய் ஓடும் சூடான தரையில் காலை நீட்டி, சுவரில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தாள்.

"எழுப்பாதப்பா," என்று போரிம் எழுந்து போய் அடுப்பைச் சிறிதாக்கினாள். "கொதிக்கிற வரைக்கும் கொதிக்கட்டும்."