கழுவிய பின்

அடித்தளத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து கடைசி வாளி மேலே வந்தது. கொழுந்தன் கயிற்றைக் கைமாற்றி இழுத்துச் சேற்றைக் கொட்டினான்.

"அவ்வளவுதான் அண்ணி, ஏறி வாங்க."

அவள் வரவில்லை. சுவரை விரலால் தடவிப் பார்த்து, வழுக்கிய இடத்தில் மறுபடியும் பிரஷ் போட்டாள். அண்ணி கழுவிய தொட்டியில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்று தொட்டி கழுவும் குழுவில் கேலி பேசுவார்கள். அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

ஏறி வந்து, கையை முந்தானையில் துடைத்துவிட்டு, தொட்டியின் உட்புறத்தைப் படமெடுத்தாள். இனிப் பெயர் எழுத வேண்டும். அதுதான் தொட்டி கழுவுவதைவிடப் பெரிய பாடு. ஒவ்வொரு தொட்டிக்கும் கழுவும் முன் ஒன்று, கழுவிய பின் ஒன்று என இரண்டு படங்கள். படத்தின் பெயரில் கட்டடம், தெரு, எந்தத் தொட்டி, கழுவியவர், கயிறு பிடித்தவர், தேதி எல்லாம் இருக்க வேண்டும். கடைசியில் 'முன்' அல்லது 'பின்'. இந்த விதியைப் போட்ட மகராசன் ஊறிப்போன கட்டைவிரலால் ஒரு எழுத்துகூடத் தட்டியிருக்க மாட்டான். மற்றவர்கள் ஏதோ இரண்டு எழுத்தைத் தட்டி ஒப்பேற்றிவிடுவார்கள். அவள் எதையும் சுருக்க மாட்டாள். இந்தக் கட்டடத்தின் பெயரோ தெரு நீளத்துக்கு இருந்தது.

"ரயிலுக்குக்கூட இத்தனை பெட்டி இல்லையே அண்ணி."

"இருந்துட்டுப் போகட்டும். எழுத்துல குறைன்னு சொல்லி நம்மள ஒதுக்கிடக் கூடாதில்ல."

அவள் பயம் அவளுக்கு. இந்த வாரம் குழுவிலிருந்து ஒருவரை நிரந்தரமாக்கப் போகிறார்கள். நிரந்தரம் என்றால் மாதச் சம்பளம், காய்ச்சலில் படுத்தால் விடுப்பு, கம்பெனி மருத்துவமனையில் கணவனின் சிறுநீரகத்துக்கு வைத்தியம். வருடக்கணக்கில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வைத்தியம் பார்த்தவளுக்கு அந்த ஒரு இடம்தான் கண்ணுக்குள் நின்றது.

கட்டடத்தின் அடித்தளத்தில் சிக்னல் கிடையாது. சூப்பர்வைசர் வந்தால் போனுக்குப் போன் புளூடூத்தில் படங்களை அனுப்பிவிடுவார்கள். அன்று அவர் அடித்தளத்துக்கு இறங்காமல் மேல்படியிலேயே நின்று யாரிடமோ காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு போனைக் காதில் வைத்தபடியே இன்னொன்றை நீட்டினார். அவள் போனில் புதிய படம்தான் மேலே இருக்கும். 'பின்' முதலில் போனது, 'முன்' அடுத்துப் போனது. அவர் போன் ஏதோ கேட்டது. பார்க்காமலே கட்டைவிரலால் தட்டினார்.

"வந்துடுச்சுக்கா. உங்க போன்ல அழிச்சிடுங்க."

அடுத்தவர் கட்டடத்துப் படம் தொழிலாளி போனில் இருக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. அவர் கண் முன்னாலேயே இரண்டையும் அழித்தாள்.

மறுநாள் காலையில் அவர் இருவரையும் அதே கட்டடத்துக்கு வரச் சொன்னார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"என்னக்கா இது? ஒரு படம்தான் இருக்கு. அதுவும் சேறா இருக்கு. கழுவலையான்னு ஆபீஸ்ல கேக்கறாங்க."

"ரெண்டும் அனுப்பினேன் சார். நீங்கதானே வந்துடுச்சுன்னீங்க."

கொழுந்தன் அந்தப் படத்தின் பெயரைப் படித்தான். கட்டடம், தெரு, தொட்டி, அண்ணி எல்லாம் இருந்தன. அவன் பெயர் பாதியில் நின்றது. தேதியும் இல்லை, முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"பேரு நீளம்னு வாலை வெட்டிடுச்சு சார் உங்க போன்" என்றான்.

அண்ணியின் போனை வாங்கி, தரையை ஒரு படம், சுவரை ஒரு படம் எடுத்தான். நேற்றைய படத்தோடு மோதாமல் இருக்க முதல் எழுத்தை மட்டும் மாற்றி, இரண்டுக்கும் அந்த நீளப் பெயரையே வைத்து, நுனியில் முன், பின் என்று போட்டான். தரை போய்ச் சேர்ந்தது. சுவர் போனபோது சூப்பர்வைசரின் போன் கேட்டது: இதே பெயரில் ஒரு கோப்பு உள்ளது. அதை நீக்கிவிட்டு இதை வைக்கவா?

அவருடைய கட்டைவிரல் தானாகவே 'ஆம்' மேல் போனது. பாதி வழியில் நின்றது. மூன்று பேரும் அந்த விரலைப் பார்த்தார்கள்.

"நேத்து போன்ல பேசிட்டிருந்தேன்" என்றார் மெதுவாக.

"அதை ஆபீஸ்ல சொல்லிடுங்க சார். அது போதும்" என்றாள் அவள்.

அவர் போனைப் பையில் போட்டார். வெளியே எடுத்தார். மறுபடியும் போட்டார்.

"சொன்னா என்னைத்தான்க்கா தூக்குவாங்க. நானும் கான்ட்ராக்ட்தான். எனக்கும் ரெண்டு பிள்ளைங்க." குரல் இறங்கியது. "இன்னொரு தடவை கழுவிட்டு ஒரு படம் எடுத்துக் குடுங்க. மறுவேலைன்னு எழுதி முடிச்சிடறேன்."

"மறுவேலைன்னு எழுதினா அந்த இடம்?"

"இந்தத் தடவை வேற ஆளுக்குப் போயிடும். அடுத்த தடவை நானே உங்க பேரச் சொல்றேன்க்கா, சத்தியமா."

கொழுந்தன் வாயெடுத்தான். அவள் அவன் கையைப் பிடித்து அடக்கினாள். அவரோடு சண்டை போட்டால் நாளைக்கு இந்தக் கயிறும் வாளியும்கூட இல்லை.

தொட்டியில் நேற்று ராத்திரியே தண்ணீர் நிரப்பிவிட்டார்கள். சுவர் தெரிய வேண்டும் என்றால் அத்தனையையும் வெளியேற்ற வேண்டும். சூப்பர்வைசரே மோட்டாரைப் போட்டார். குழாய் வழியாகத் தண்ணீர் தெருவில் பாய்ந்தது. அடியில் தெருக் கற்கள் தெரியும் அளவுக்குத் தெளிந்த தண்ணீர். காவலாளி செருப்பைக் கழற்றிவிட்டு அதில் கால் கழுவினான். எதிர்வீட்டுப் பெண் ஓடிவந்து ஒரு குடத்தைப் பிடித்தாள், நிரம்பியதும் இன்னொன்றைக் கொண்டுவந்தாள்.

தொட்டி காலியானதும் அவள் ஏணியில் இறங்கினாள். சுவரில் கை வைத்தாள்; எங்கும் வழுக்கவில்லை. படம் எடுத்துக்கொண்டு ஏறிவிடலாம். மேலே திறப்பில் சூப்பர்வைசரின் தலை தெரிந்தது.

"சும்மா ஒரு தேய்ப்பு தேய்ச்சிடுங்கக்கா. மேல கட்டடத்துக்காரங்க பாத்துட்டிருக்காங்க."

அவள் பிரஷை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள். கொழுந்தன் வாளியை இறக்கினான், மூலையில் தேங்கியிருந்ததை மொண்டு அவள் நிரப்பினாள், அவன் இழுத்தான். மேலே வந்த வாளியில் பளிங்கு மாதிரி நீர். அதன் அடியில் வாளியின் சொந்தக் கீறல்கள் மட்டும் தெரிந்தன. அதையும் அவன் சேறு கொட்டும் இடத்தில் கொட்டினான்.