இடது ஓரத்தில் நின்றவர்

மணப்பெண் மண்டபத்து வாசலில் காரை விட்டு இறங்கியதும் போட்டோக்காரர் எதிரே மண்டி போட்டு உட்கார்ந்து ஏழெட்டுப் படம் எடுத்துத் தள்ளினார். கேமராவின் மூடியைத்தான் கழற்றவில்லை. அது பழைய மாதிரிக் கேமரா. கண்ணை வைத்துப் பார்க்கிற துளை வேறு, படம் விழுகிற கண்ணாடி வேறு. அதனால் அவருக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. மணப்பெண்ணின் அக்காதான் பார்த்துச் சொன்னாள்.

"மூடி போட்டிருக்குங்க."

"அட, ஆமா," என்று அவர் மூடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "ஆரம்பத்துல ரெண்டு மூணு அப்படித்தாம்மா போகும். கவலைப்படாதீங்க."

அவரைப் பிடித்துக்கொண்டு வந்தவர் சித்தப்பா. கொண்டுவந்து காட்டிய ஆல்பம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. அது இவருடைய அண்ணன் எடுத்த ஆல்பம் என்றும், அண்ணனுக்கு வேறு ஒரு கல்யாணம் வந்துவிட்டதால் தம்பியை அனுப்பிவிட்டார் என்றும் காலையில்தான் தெரிந்தது. "ரத்தம் ஒண்ணுதானே, வேலையும் ஒண்ணாத்தான் இருக்கும்," என்றார் சித்தப்பா. சித்தப்பாவின் தர்க்கமெல்லாம் அப்படித்தான் இருக்கும்.

வேறு யாராவது என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அக்காவால் அப்படிப் போக முடியவில்லை. அவளுக்கு இந்தக் கல்யாணத்தில் ஒரே ஒரு படம் வேண்டும். அப்பாவின் படம்.

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். மூன்று வாரத்துக்கு முன் அப்பாவின் இருமல் நிற்கவே இல்லை என்று வலுக்கட்டாயமாக அழைத்துப்போய் அவளே எடுத்தாள். தாடையைத் தூக்கி வைத்து, தோளை முன்னால் தள்ளி, "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்கப்பா" என்றாள். அப்பா சமர்த்தாகப் பிடித்துக்கொண்டு நின்றார். கழுவி விளக்கில் மாட்டிய நிமிஷமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, "ரொம்ப முத்திப்போச்சும்மா. சில மாசம்தான். கல்யாணம் முடியட்டும், அப்புறம் வீட்டுல சொல்லிக்கலாம்," என்றார். அவள் வீட்டில் சளி கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, அந்த ஃபிலிமை பீரோவுக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

அன்று முதல் வீட்டு ஆல்பங்களையெல்லாம் புரட்டியாயிற்று. பிறந்தநாள், பள்ளிக்கூடம், பல் விழுந்த வாய், சைக்கிள், எல்லாம் இருந்தன. அப்பா மட்டும் எதிலும் இல்லை. எப்படி இருப்பார்? எடுத்தது எல்லாம் அவர்தான். குளியலறையிலேயே கழுவி, நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இதுல சின்னவ அழறா பாரு" என்று கறுப்பு வெள்ளையைத் தலைகீழாகவே படித்துவிடுகிற மனுஷன். அவருடைய கேமரா பழுதாகிப் பத்து வருஷம் ஆகிவிட்டது. அவர் முகம் இருந்தது ஓர் அடையாள அட்டையில்தான். அதிலும் பாதித் தாடை மேல் முத்திரை குத்தியிருந்தார்கள்.

எனவே அக்கா அன்று மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, வந்தவர்களைப் பார்க்கவில்லை, போட்டோக்காரர் பின்னாலேயே அலைந்தாள். அவர் நாற்காலியை எடுத்தார். பூ ஜாடியை எடுத்தார். சின்னவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மேடைக்கு நடந்து வந்தபோது மட்டும் நல்லவேளையாக நேருக்கு நேர் நின்று நான்கு படம் எடுத்தார். அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. மோதிரம் மாற்றியாயிற்று, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாயிற்று. அப்பா கைக்குட்டையை வாயில் வைத்து இருமிவிட்டு, அதைப் பார்க்காமலேயே மடித்து உள்ளே வைத்துக்கொண்டதை அவள் பார்த்தாள்.

குடும்பப் படத்துக்கு எல்லாரையும் மேடையில் நிறுத்தினார்கள். அப்பா வழக்கம்போல இடது ஓரத்தில் போய் நின்றார். எந்த நேரமும் யாரையாவது கூப்பிட ஓட வேண்டியிருக்கும் என்று ஓரம்தான் அவருக்கு வசதி. போட்டோக்காரர் ஒரு படம் எடுத்தார். அடுத்ததற்கு ஃபிலிம் நகரவில்லை. கேமராவைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் நகர்ந்து, நல்ல வெயிலில் நின்றுகொண்டு, கேமராவின் முதுகைத் திறந்தார்.

"மூடுங்க," என்று அப்பா கையை நீட்டினார். அதற்குள் முடிந்துவிட்டது. சுருளை விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தார் அந்தப் புண்ணியவான். காலையிலிருந்து எடுத்த அத்தனையும், கை பிடித்து நடந்த நடையும், வெளிச்சத்தோடு போயிற்று.

சித்தப்பா, "வெளிச்சம் பட்டா படம் இன்னும் பளிச்சுன்னு வருமோ?" என்று கேட்டார்.

அப்பா மேடையிலிருந்து இறங்கி வந்தார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. புது ரோலை வாங்கித் தானே மாட்டினார். மேலே இருந்த ஷட்டர் வேகத் திருகைப் பார்த்துவிட்டு, "ஃபிளாஷ் போடறப்ப இவ்வளவு வேகம் வைக்கக்கூடாதுங்க. ஒரு பக்கம் கறுத்துடும்," என்று திருப்பி வைத்தார். கேமராவைத் திருப்பிக் கொடுக்கத்தான் போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் அதைக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

"அப்பா, நீங்க மேல வாங்க. அவர் எடுக்கட்டும்," என்றாள் அக்கா. குரல் அவளுக்கே கொஞ்சம் அதிகமாகக் கேட்டது.

"ஒரே நிமிஷம்மா. நில்லு, நில்லு. அம்மா பக்கத்துல நகரு. சின்னவளே, தலையைத் தூக்கு."

ஒரு நிமிஷம் என்றவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். இருமல் வந்தது, அடக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். மாப்பிள்ளைக்குக் கால் மரத்துப்போயிருக்கும். பிறகு ஒரே ஒரு தடவை அழுத்திவிட்டு, கேமராவைக் கொடுத்துவிட்டு, மேலே வந்து தன் ஓரத்தில் நின்றார். போட்டோக்காரர் அதற்குமேல் முப்பது படம் எடுத்தார். அக்கா அப்பாவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் சிரித்தாள். போதும், ஒன்றாவது விழுந்துவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

எட்டாம் நாள் உறை ஆஸ்பத்திரிக்கே வந்தது. கொண்டுவந்தவர் போட்டோக்காரரேதான். கொடுத்துவிட்டு நிற்காமல் போனார். அவள் எக்ஸ்ரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, விளக்குப் பலகைக்குக் கீழே படங்களைப் பரப்பினாள். முதல் படம் கண்ணாடி போல இருந்தது. அம்மா, சின்னவள், மாப்பிள்ளை, சித்தப்பா, தான், ஒவ்வொரு முகமும் உயிரோடு பார்த்தது. அது அப்பா எடுத்தது.

மிச்சம் முப்பதிலும் இடது பக்கம் கதவு சாத்தியது போலக் கறுப்பு. அந்த ஆள் திருகைத் தன் பழைய எண்ணுக்கே திருப்பி வைத்திருக்கிறார். அவளுடைய ஒரு கை அந்தக் கறுப்புக்குள் நீண்டிருந்தது. எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரியவில்லை. நெகட்டிவைப் பலகையில் வைத்து லென்ஸால் தேடினாள். அங்கே ஒன்றுமே பதியவில்லை.

மத்தியானம் வீட்டுக்குப் போனபோது அம்மா சின்னவள் வீட்டுக்குப் போயிருந்தாள். அப்பா ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இந்த எட்டு நாளில் சட்டையின் கழுத்துப்பட்டை இன்னும் தொளதொளத்திருந்தது. உறையை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சொன்னேன்ல, கறுத்துடும்னு," என்றார். "இடது பக்கம் நின்னவன் மாட்டிக்கிட்டான்."

"உங்க படம் ஒண்ணுகூட இல்லப்பா." அதற்குமேல் அவளால் முடியவில்லை. கல்யாண வீட்டில் அடக்கிவைத்ததெல்லாம் வந்துவிட்டது. அப்பா அவள் அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

"ஏன் இல்லை? நீ எடுத்தியே. பீரோவுக்குப் பின்னாடி இருக்கே."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"விசிறி மட்டை உள்ள விழுந்துடுச்சுன்னு கையை விட்டேன். ஜன்னல்ல பிடிச்சுப் பார்த்தேன். எத்தனை நெகட்டிவ் படிச்சிருக்கேன், இது புரியாதா? நல்லா எடுத்திருக்கே. கொஞ்சம்கூட அசையலை."

"எப்பப்பா பார்த்தீங்க?"

"கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி." அவர் முதல் படத்தைத் தனியாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அதான் அன்னிக்குக் கீழே இறங்கி வந்தேன். உங்க எல்லாரையும் சேர்த்து ஒரு தடவை நல்லாப் பார்த்துக்கணும்னு இருந்துச்சு. ஓரத்துல நின்னா தெரியலைம்மா."