அம்சத்தின் போணி

கும்பகோணத்தில் பாதிப் பேருக்குக் கல்யாணப் புடவை எடுத்துக் கொடுத்த ஜவுளிக்கடை அப்துல் ஹமீதுக்கு ஒரே மகள் மெஹராஜ் பேகம். ஊருக்கே துணி விற்ற வீட்டில் பிறந்தவள், தனக்கென்று ஒரு சேலையைக் கடையில் உட்கார்ந்து பொறுக்கியதில்லை. எல்லாம் மூட்டையாக வீட்டுக்கு வந்துவிடும். அத்தா மவுத்தானதும் கடை அவளுக்கு வந்தது. பொம்பளை கல்லாவில் உட்காருவதா என்று மாமு மீரா சாகிப் தாம்தூம் என்று குதித்தார். கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். பெரிய பண்ணைக் கல்யாண ஜவுளியை அவள் கைநழுவ விடாவிட்டால் கடை அவளுக்கு. விட்டால் சாவி மாமுவுக்கு.

பண்ணை வீட்டார் வரவிருந்த காலையில், கடை திறந்ததும் முதலில் வந்து நின்றவள் அம்சம். அதே பண்ணையில் நடவு நடுகிறவள். கழக ஆட்சி வந்து கூலிச் சண்டைக்குச் சமரசம் பேசிய வருஷம் அது; செங்கொடி பிடித்தவர்களுக்குக் கூலி கொஞ்சம் கூடியிருந்தது. நடவாட்களைப் பின்வாசலில் நிற்கவைத்துத் துணி கொடுப்பதுதான் கடை வழக்கம். மெஹராஜுக்கு அது பிடிக்காது. பிடிக்காததைச் செய்து பழக்கமும் கிடையாது, செல்லமாக வளர்ந்தவள். அம்சத்தை முன்வாசல் வழியே அழைத்து, ஜமக்காளத்தில் உட்காரவைத்து, மாமுவிடம் சேலைகளை விரிக்கச் சொன்னாள்.

வேண்டாம் என்று சொல்ல அம்சத்துக்கு வாழ்க்கையில் முதல்முறையாக வாய்த்த சந்தர்ப்பம். விடுவாளா? விரித்ததையெல்லாம் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

அப்போது காரில் வந்து இறங்கினாள் பண்ணை வீட்டு ஞானாம்பாள். ஜமக்காளத்தில் இருப்பது யாரென்று பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். அம்சம் பழக்கதோஷத்தில் எழுந்திருக்கப் போனாள். மாமுவின் கண் சாவிக்கொத்துக்குப் போயிற்று.

"நீங்க உட்காருங்க அம்சம். போணி முடியாம எழுந்திரிக்கக் கூடாது," என்றவள் ஞானாம்பாளிடம் திரும்பினாள். "போணியக் கெடுத்துட்டுக் கல்யாணத் துணி எடுத்துக் கொடுக்க எனக்கு மனசு வரலைங்கம்மா. செத்த உட்காருங்க."

கல்யாண வீட்டுக்காரியிடம் சகுனத்தைச் சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? போணியைக் கெடுத்தாலும் ஆகாது, வெறுங்கையோடு திரும்பினாலும் ஆகாது. ஞானாம்பாள் நின்று பார்த்தாள். அம்சம் மேலும் சில சேலைகளைத் தள்ளினாள். முழங்கால் எவ்வளவு நேரம் பொறுக்கும்? அந்தக் கடையில் நாற்காலியும் கிடையாது. ஞானாம்பாள் ஜமக்காளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு கண் சும்மா இருக்குமா? அம்சம் கடைசியாகத் தோளில் போட்டுப் பார்த்த அரக்குநிற நூல் சேலைமேல் போய் நின்றது.

"அந்த நெறத்துல பட்டு இருக்காம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

இருந்தது. அம்சம் அந்த நூல் சேலைக்கே காசு கொடுத்துப் போணியை முடித்தாள். மத்தியானத்துக்குள் கல்யாண ஜவுளி மொத்தமும் காரில் ஏறியது.

கூட்டம் ஓய்ந்ததும் மெஹராஜ் கல்லாவை விட்டு இறங்கி, அம்சம் இருந்த இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தனக்கு ஒரு சேலை வேண்டும் என்றாள். மாமு விரித்தார். அவள் தள்ளினாள். இன்னொன்று விரித்தார். அதையும் தள்ளினாள். அம்சம் ஏன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. சந்தோஷம் தாங்கவில்லை.

மாமு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"சாவிய நீயே வச்சுக்க புள்ள. இந்த வேலை எனக்கு ஆகாது."