மடி நிறையப் பனியன்

பொய் சொல்கிறவள் எதற்காக டீ போட்டுக் கொடுக்க வேண்டும், அதுதான் ஜெயபாரதிக்குப் பிடிபடவில்லை, ஈ.எஸ்.ஐ. அலுவலகத்தில் அவள் மேஜைக்கு எதிரே பெஞ்சில் மயிலாள் உட்கார்ந்திருக்கிறாள், பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் ஓரம் தைக்கிறவள், மஞ்சள்காமாலைக்கு விடுப்பெடுத்து உதவித்தொகை வாங்கினாள், அந்த நாட்களில் வேலை ஏதும் செய்தீர்களா என்று கேட்டதற்கு இல்லை என்றாள், ஆனால் வீட்டுக்கே விசாரிக்கப் போன இன்ஸ்பெக்டர் ஆரோக்கியராஜ் பார்த்தது என்ன... மடி நிறையப் பனியன், கையில் கத்தரி, தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிரை வெட்டிக் குவித்துக்கொண்டிருக்கிறாள், மறைக்கக்கூட இல்லை, மூட்டையை நகர்த்தி இடம் கொடுத்து, "வாங்க சார், சும்மாதானுங்க உக்காந்திருக்கேன், டீ வெக்கட்டுங்களா?" என்றாளாம். "டீ நல்லாத்தான் இருந்துச்சுங் மேடம், அதுக்காக ரிப்போர்ட்ட மாத்தி எழுத முடியுங்களா," என்று சிரிக்கிறார் அவர்.

அபராதம் என்று எழுதினால் இந்த வருடம் இனி உதவித்தொகை கிடையாது, அடுத்த மாதம் இவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன், வயிற்றுத் தையல் ஆறுவதற்குள் மிஷினில் போய் உட்கார்ந்துவிடுவாள், எச்சரிக்கை மட்டும் என்று எழுதினால்... வேண்டுமென்றே மறைத்தவளும் நாளைக்கு இதே முகத்தோடு வந்து உட்காருவாளே, கவனக்குறைவுக்கும் களவுக்கும் முகம் ஒன்றாக இருந்தால் எதைப் பார்த்துச் சொல்வது? "ஏனுங் மயிலாக்கா, பிசிர் வெட்றது வேலையில்லீங்களா?" என்றாள் ஜெயபாரதி. "கம்பெனிக்குப் போனாத்தானுங்க வேலை. இது டிவி பாத்துட்டே எல்லா ஊட்லயும் வெட்றதுதானுங்களே." வெட்டுகிறார்கள்தான், ஜெயபாரதியே பள்ளி விட்டு வந்து வெட்டியவள்தான், அன்று யாராவது கேட்டிருந்தால் வேலை செய்கிறேன் என்றா சொல்லியிருப்பாள்... "கூலி குடுக்கறாங்கல்லங்க?" மயிலாள் துணிப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "குடுக்கறாங்கதானுங்க," என்றாள், குரல் இறங்கிவிட்டது, இப்போதுதான் அவளுக்கே அது உறைத்ததுபோல, அல்லது உறைத்ததுபோல் காட்டத் தெரிந்தவள்போல.

ஆனால் மயிலாளின் விரல்கள் சும்மா இருக்கவில்லை, மடியிலிருந்த துணிப்பையின் ஓரத்தில் நூல்நூலாகக் கிள்ளி உருட்டிக்கொண்டே இருந்தன. "இப்ப என்ன பண்றீங்க?" என்று கேட்டுவிட்டாள் ஜெயபாரதி. மயிலாள் மிரண்டு பார்த்தாள். "ஒண்ணும் பண்ணலீங்களே மேடம்." நான் பார்ப்பது தெரிந்துதான் செய்கிறாளோ, மனசுக்குத் தெரியாமல் கை ஒரு வேலையைச் செய்யும் என்று எந்த மேலதிகாரியிடம் போய்ச் சொல்வது, அதை நானே நம்புகிறேனா முதலில்... ஜெயபாரதி பேனாவை எடுத்தாள், பிடிக்க வரவில்லை, விரலிடுக்கில் ஏதோ ஒட்டியிருந்தது, பிரித்துப் பார்த்தால் நூல், தன்னுடைய முந்தானை நூலேதான், கெட்டியாக, ஒரு மிளகளவுக்கு உருட்டி வைத்திருக்கிறாள், இதை எப்போது கிள்ளினோம்...