ஆறு கிலோ, இருபது நிமிடம்

நாசர் பாய்லரில் ஈயம் வைத்தது வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவில். மொத்தமே பத்து நிமிட வேலை. அந்த வேலையை ஷார்ஜாவில் எவனாவது செய்திருந்தால் நாசரே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பார். இருபத்திரண்டு வருடமாக ஒரு பெரிய ஹோட்டலின் லாண்டரியில் பாய்லர் ஆப்பரேட்டர் அவர். ஆவி என்னவெல்லாம் செய்யும் என்று ஊருக்கே வகுப்பெடுக்கக் கூடிய மனுஷன். அப்படிப்பட்டவர்தான் வைத்தார், ஈயத்தை.

இது ஹோட்டல் பாய்லர் இல்லை. ஒரு சாண் நீளச் செம்புக் குழாய். அது உட்காரப் போகும் எஞ்சினே ஒரு முழம்தான். மலைப்பாதையிலும் கரும்பு ஆலையிலும் ஓடிய குறுகிய பாதை ரயில் எஞ்சினைச் சுருக்கிச் செய்தது. தண்டவாளத்தின் அகலம் நாற்பத்தைந்து மில்லிமீட்டர். பொம்மை என்று யாராவது சொல்லிவிட்டால் நாசருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பேட்டரியா, சாவியா, ஒன்றும் கிடையாது. தண்ணீர் கொதிக்க வேண்டும், ஆவி சிலிண்டருக்குப் போக வேண்டும், பிஸ்டன் தள்ளிச் சக்கரம் உருள வேண்டும். பெரிய எஞ்சினில் என்னவெல்லாம் உண்டோ அத்தனையும் இதிலும் உண்டு, வெடிப்பது உட்பட.

ஆறு வருட வேலை. சக்கரம், சிலிண்டர், கம்பி, தண்டு எல்லாம் ஷார்ஜா ரூமில் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கூட இருப்பவர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டே அரம் போட்டது. நெருப்பு வேலை மட்டும் அங்கே ஆகாது. அதை லீவுக்கு வரும்போது விருத்தாசலத்து வீட்டு மொட்டை மாடியில்தான் செய்ய வேண்டும். லீவு வருடத்துக்கு நாற்பத்தைந்து நாள்.

"நாப்பத்தஞ்சு நாளுதான் எனக்குப் புருஷன். அதுலயும் முப்பது நாளு இந்தச் செம்புக் கொழாயோடதான் குடும்பம் நடத்துறாரு" என்று அவர் மனைவி அமீர் நிஷா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். பொய் ஒன்றும் இல்லை. இந்த வருடம் வந்து இறங்கிய அன்றே அவள் முடிவாகச் சொல்லிவிட்டாள்: எஞ்சின் இந்த லீவிலேயே ஓடியாக வேண்டும். ஓடாவிட்டால் சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிட வேண்டும், அடுத்த லீவில் கையால் தொடக் கூடாது. நாசரும் பெரிய மனுஷனாகத் தலையாட்டிவிட்டார். வியாழக்கிழமை திருச்சியில் ஃபிளைட். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் ஓடுவதாக ஏற்பாடு.

"ஒரு வாரம் தள்ளிக் கேட்டுப் பாக்கக் கூடாதா?" என்று அவள் ஒரு பேச்சுக்குக் கேட்டாள்.

"அந்தக் கதையே வேணாம். ஒரு நாளுகூட தர மாட்டானுவோ. கேட்டா வேலையே போயிரும்."

இந்தப் பதில் அவளுக்குப் பழக்கம்தான். மகள் மர்ஜானா பிறக்க ஒன்பது நாள் இருக்கும்போது இதையே சொல்லிவிட்டுத்தான் அவர் விமானம் ஏறினார். அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகித் தையல் பிரிக்காமல் கிடந்தபோதும் இதையே சொல்லிவிட்டுத்தான் போனார். அவளும் வற்புறுத்திக் கேட்பதை விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் நாசர் தனியாகப் பாய்லரைச் சோதித்துப் பார்த்தார். உள்ளே தண்ணீரை முட்ட நிரப்பிக் கைப்பம்பால் அழுத்த வேண்டும். தண்ணீரில் சோதித்தால் வெடிக்காது. ஓட்டை இருந்தால் கசியும், அவ்வளவுதான். நான்கு கிலோ அழுத்தத்தில், மேலே சேஃப்டி வால்வு உட்காரும் வெண்கல வளையத்தின் ஓரத்தில் ஒரு முத்து தண்ணீர் துளிர்த்தது. துடைத்தார். மறுபடியும் துளிர்த்தது.

அந்த இடத்தை வெள்ளிப் பற்றுக் கம்பியை உருக்கி மறுபடி ஊதி ஒட்ட வேண்டும். அதற்குப் பாய்லர் முழுவதையும் பழுக்கக் காய்ச்ச வேண்டும். காய்ச்சும்போது மற்ற ஒட்டுகள் விட்டுக்கொள்ளாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. போதாததற்கு, கம்பியும் தீர்ந்துபோயிருந்தது. ஈயப் பற்றோ கையிலேயே இருந்தது. ஆனால் ஈயம் ஒருமுறை பட்ட செம்பில் வெள்ளி பிறகு ஒட்டவே ஒட்டாது. அந்த பாய்லர் அத்தோடு சரி. குளிர்ந்த தண்ணீரில் ஈயம் ஜம்மென்று நிற்கும். உள்ளே தண்ணீர் குறைந்து சூடு ஏறிவிட்டால் இளகிவிடும். இளகினால் மேலே இருக்கும் வால்வு துப்பாக்கிக் குண்டு மாதிரி கிளம்பும். இதெல்லாம் தெரியாதவரா நாசர்? தெரிந்தேதான் வைத்தார். அரம் போட்டார், துடைத்தார், மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்தார். கை கழுவிவிட்டு வந்து பிரியாணி சாப்பிட்டார்.

விருத்தாசலத்தில் இந்தப் பைத்தியம் பிடித்த இன்னொருவர் பூவராகவன். செராமிக் தொழிற்பேட்டையில் சின்ன யூனிட் வைத்து ஃபியூஸ் கட்டைகள் செய்கிறவர். கேஸ் பர்னருக்குள் வைக்கப் பொடி ஓட்டைகள் உள்ள ஒரு செராமிக் தட்டு வேண்டும் என்று ஐந்து வருடம் முன் நாசர் அவரைத் தேடிப் போனார். எதற்கு என்று கேட்டார் பூவராகவன், நாசர் சொன்னார், அன்றைக்கே அவரும் கெட்டார். யூனிட்டின் பின்பக்கம், காயப்போடும் அலமாரிகளைச் சுற்றி இப்போது முப்பத்தெட்டு மீட்டர் தண்டவாளம் ஓடுகிறது. அடியில் ஜல்லிக்குப் பதில் உடைத்த ஃபியூஸ் கட்டைகள்.

அந்த யூனிட்டில் ஒரு வழக்கம் உண்டு. சூளையிலிருந்து விரிசலோடு வரும் உருப்படியை யார் செய்தார்களோ அவர்களே அங்கேயே சுத்தியலால் உடைக்க வேண்டும். ஓரமாக வைத்தால் எப்படியாவது பெட்டிக்குள் போய்விடும், யார் வீட்டு மீட்டரிலாவது போய் உட்காரும் என்பார் பூவராகவன். அவருடைய மனைவி சுலோச்சனா அச்சில் போட்டதாக இருந்தாலும் இதே சட்டம்தான்.

நாசர் தன் பங்குக்கு ஒரு வழக்கத்தை ஊருக்குக் கொண்டுவந்தார். பாய்லரைச் செய்தவன் தன் பாய்லரைத் தானே பாஸ் செய்யக் கூடாது. அடுத்தவர் சோதித்துச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று வருடம் முன்பு பூவராகவன் ஒரு எஞ்சின் செய்தபோது நாசர் அதை இரண்டு முறை ஃபெயில் செய்தார்.

"ஒரு சொட்டுதானே பாய்?"

"சொட்டோ கொடமோ, கசிவுன்னா கசிவுதாண்ணே."

பூவராகவன் மூன்றாவது முறை செய்தார்.

சனிக்கிழமை நாசரின் பாய்லர் பூவராகவனின் மேஜைக்கு வந்தது. அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பம்பை அழுத்தினார். ஓட்டம் மூன்று கிலோவில். சோதனை அதற்கு இரட்டிப்பாக ஆறு கிலோவில். அழுத்த மீட்டரின் முள் ஆறில் போய் நின்றது. இருவரும் டீ குடித்தார்கள். இருபது நிமிடம் முள் அசையவில்லை. நாசர்தான் உட்கார முடியாமல் அசைந்துகொண்டிருந்தார்.

"பிரமாதம் பாய்! ஒரே தடவைல பாஸ். உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும்" என்றார் பூவராகவன். சீட்டை எடுத்து எழுதினார்: 'ஆறு கிலோ, இருபது நிமிடம், கசிவு இல்லை.' கீழே கையெழுத்து, தேதி. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நாளைக்கு எஞ்சின் ஓடினபிறகு எல்லார் முன்னாலும் தருவாராம்.

ஞாயிற்றுக்கிழமை யூனிட்டுக்கு லீவு. நான்கு மணிக்கு அமீர் நிஷா வந்தாள், நல்ல சேலை உடுத்திக்கொண்டு, பாத்திரத்தில் சூடாகப் பொரித்த இறால் வாடாவோடு. சுலோச்சனா பாய் விரித்து உட்கார வைத்தாள். நாசர் தண்ணீர் ஊற்றினார், எண்ணெய் விட்டார், கேஸைத் திறந்து பர்னரைப் பற்ற வைத்தார். பூவராகவன் சுட்ட தட்டு செக்கச்செவேலென்று பிடித்துக்கொண்டது. ஐந்தாவது நிமிடம் முள் கிளம்பியது. அரை கிலோ. ஒரு கிலோ.

"நிஷாம்மா, வா இப்டி. மொதல்ல ஆவிய நீதான் தொறக்கணும்" என்றார் பூவராகவன். "ஆறு வருஷமா திட்டுனவங்களுக்குத்தான் மொத மரியாதை."

"அய்யய்ய, எனக்கு என்னாண்ணே தெரியும்?" என்று சொல்லிக்கொண்டே வந்துவிட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். திறக்கும் பிடி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. குனிந்தாள். அவள் முகம் சேஃப்டி வால்வுக்கு நேர் மேலே, ஒரு சாண் உயரத்தில் இருந்தது. மூக்குத்தி பர்னர் வெளிச்சத்தில் பளபளத்தது. முள் ஒன்றரையைத் தாண்டியது.

"தள்ளு!" என்றார் நாசர். அவள் தோளைப் பிடித்து இழுத்தே விட்டார். கேஸை மூடினார்.

"நான் ஒண்ணும் தொடலீங்க" என்றாள் அவள், பயந்துபோய்.

"நீ ஒண்ணும் பண்ணல. நான்தான்." நாசர் பூவராகவனைப் பார்க்காமல் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வால்வு வளையத்துல ஈயம் வச்சிருக்கேண்ணே. வெள்ளிக்கிழமை. கசிஞ்சுது, வச்சுட்டேன்."

பூவராகவன் விரல் விட்டு நாளை எண்ணினார். "நான் டெஸ்ட் பண்ணது சனிக்கிழமை."

"ஆமாண்ணே."

"அதான் நிக்குதேங்க, அப்புறம் என்னா?" என்றாள் அமீர் நிஷா.

"தண்ணி இருக்கற வரைக்கும் நிக்கும். கொறைஞ்சா எளகிரும்."

சுலோச்சனாவுக்குச் சட்டென்று பிடிபட்டது. "எங்க மாமியாரு ஈயச்சொம்ப ஒரு தபா ரசம் ஊத்தாம அடுப்புல வச்சுட்டேன். திரும்பறதுக்குள்ள பாதி சொம்பு காணும். அந்த மாதிரியா?"

"அதேதான் அண்ணி."

பூவராகவன் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தார். கிழிக்கவில்லை. நாசரின் முன்னால் நீட்டிப் பிடித்தார். "என்கிட்ட கையெழுத்து வாங்கிட்டீங்களே பாய். நிஷா மூஞ்சிக்கு ஒண்ணு ஆகியிருந்தா இந்தச் சீட்ட நான் எங்க கொண்டுபோய் வைப்பேன்?" "என்னோடத ரெண்டு தபா ஃபெயில் பண்ணீங்க. நானு ஒரு வார்த்த கோவிச்சுக்கிட்டேனா?"

நாசருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பாய்லர் ஆறும் வரைக்கும் யாரும் வாடாவைத் தொடவில்லை.

ஆறியதும் பூவராகவன் உள்ளே போய் இரும்பறுக்கும் ஆக்சா பிளேடைக் கொண்டுவந்து விரித்திருந்த பாயின் மேல் வைத்தார். "இங்க என்னா வழக்கம்னு உங்களுக்குத் தெரியும்."

தெரியும். நாசர் பாய்லரைக் கழற்றினார். இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அறுக்க ஆரம்பித்தார். செம்பு லேசில் அறுபடாது. வேர்த்துக் கொட்டியது. அமீர் நிஷா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தக் குழாயைத் திட்டாத நாளில்லை. இப்போது அவளுக்கே கண் கலங்கியது. கடைசி இழையும் அறுந்ததும் அது இரண்டாகக் கழன்று விழுந்தது.

"புதுசு செய்ய எத்தன நாளு ஆவும்?" என்றாள்.

"செம்பும் கம்பியும் மெட்ராஸ்லேருந்து வரணும். பன்னண்டு, பதிமூணு நாளு." நாசர் நெற்றியைத் துடைத்தார். "அதான் முடிஞ்சு போச்சே. பரண்ல போட்டுரு. சொன்ன சொல்லு சொன்னதுதான்."

"டிக்கெட்ட தள்ளிப் போடுங்க."

"என்னாடி சொல்ற? தர மாட்டானுவோன்னு ஆயிரம் தபா..."

"மர்ஜானா பொறந்தப்ப நீங்க தள்ளிப் போடல. தையலோட கெடந்தேன், தள்ளிப் போடல. எனக்காவ கேளுங்கன்னு இனிமே நான் சொல்லப் போறதில்ல." அவள் பாய்லரின் ஒரு பாதியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இதுக்காவவாவது கேளுங்க. அந்த அண்ணன ஏமாத்திட்டு நீங்க பாட்டுக்குப் பிளேன் ஏறக் கூடாது. செஞ்சு, அவரு கையால பாஸ் வாங்கிட்டுப் போங்க. தரலன்னா தரலன்னு என் காதால கேட்டுக்கறேன்."

நாசருக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. கையெல்லாம் செம்புத் தூளும் கரியும். அமீர் நிஷாவே போனை எடுத்து எண்ணைத் தேடி அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டுப் பாயின் மேல் வைத்தாள். மறுமுனையில் மலையாளி மேனேஜர். நாசர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வீட்டில் கொஞ்சம் வேலை பாக்கி, பதினைந்து நாள் லீவு நீட்டிக்க முடியுமா என்று கேட்டார். முடியாவிட்டால் பரவாயில்லை என்று அவரே சேர்த்தும் சொன்னார்.

"எடுத்துக்கோ நாசர், அதுக்கென்ன" என்றார் மேனேஜர், அவருக்குத் தெரிந்த தமிழில். "மத்தவங்க எல்லாரும் வருஷா வருஷம் கேக்கறாங்க. நீ ஒரு தடவகூட கேட்டதில்லையே. டிக்கெட்ட மாத்தச் சொல்லி நான் மெயில் போடறேன். வீட்ல எல்லாரும் சுகம்தானே?"

சுகம் என்றார் நாசர். போன் நின்றது. எல்லாம் சேர்த்து அரை நிமிடம்கூட ஆகவில்லை.

பூவராகவன் எழுந்து, சுலோச்சனாவையும் கண்ணைக் காட்டிக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அமீர் நிஷா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை, கத்தவில்லை.

"நீங்க கேக்கவே இல்லியா?" என்றாள். "ஒரு தடவகூட?"

நாசர் பாய்லரின் இன்னொரு பாதியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறுத்த இடத்தில் செம்பு புதிதாகப் பளபளத்தது. வளையத்தைச் சுற்றி ஈயம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

"இல்ல" என்றார்.