அட்டையில் எழுதிய அம்மா

பந்தலில் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்த குற்றாலிங்கம், தெருமுனையில் டாக்டரின் ஸ்கூட்டரைப் பார்த்ததும் கயிற்றை விட்டுவிட்டுக் கீழே குதித்தான். சாரல் தாராளமாகப் பந்தலுக்குள் விழுந்தது.

“யாக்கூப் பாய்! ஈ.எஸ்.ஐ. டாக்டர் வருதாரு!”

“வரட்டுமேவே. ஒங்க அண்ணன் சங்கத்து ஆளுல்லா? மாலை போட வருதாரு.”

“ஈ.எஸ்.ஐ. அட்டையில அண்ணன் அம்மான்னு யார் பேர எழுதியிருக்கான்?”

அண்ணனோடு மில்லில் வேலை பார்த்த யாக்கூப்பின் டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது.

காலையில் மில்லுக்குக் கிளம்பி, ஒரு காலைச் செருப்பில் நுழைத்தபடியே மாரடைப்பில் போய்விட்ட அண்ணன் தளவாய், வீட்டு முன்கூடமான பட்டாசாலையில் கிடந்தான். மில் தொழிலாளிக்கும் மனைவி மக்களுக்கும் பெற்றவர்களுக்கும் ஈ.எஸ்.ஐ.யில் வைத்தியம் உண்டு. மாமியாருக்குக் கிடையாது. தளவாயைப் பெற்றவள் செத்து எட்டு வருஷம். மாமியார் முப்பிடாதியம்மாளுக்கோ மூச்சிழுப்பு.

“அம்மா மேல சௌக்கியமா இருக்கா. அவளுக்கு எதுக்குலே மருந்து? இங்கன ஒருத்தி இழுத்துக்கிட்டுக் கெடக்கா” என்று தம்பியிடம் சொல்லி, அட்டையில் தாய் என்ற இடத்தில் மாமியார் பெயரை எழுதிவிட்டான் தளவாய். சாட்சிக் கையெழுத்து, தம்பி குற்றாலிங்கம். இப்போது குட்டு உடைந்தால், மில்லுக்கே நியாயம் பேசிய அண்ணன் மோசடிக்காரன் என்ற பேரோடு சுடுகாடு போகவேண்டும்.

“சட்டம் எழுதினவனுக்கு மாமியாளே இல்ல போலுக்கு” என்றார் யாக்கூப்.

“இருந்திருப்பா பாய். அதான் விட்டுட்டான்” என்றார் பக்கத்திலிருந்த மில்காரர்.

குற்றாலிங்கம் அடுக்களைக்கு ஓடினான். முப்பிடாதியம்மாள் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பதினெட்டு வருஷமாக மருமகன் எதிரே வந்தவளில்லை. ‘சோறு ஆறுது’ என்றுகூடச் சுவரைப் பார்த்துத்தான் சொல்லுவாள்.

“அத்தை, வந்து அண்ணன் தலமாட்டுல உக்காருங்க. டாக்டர் போற வரைக்கும் நீங்கதான் எங்க அம்மா.”

“ஐயையோ, மருமவன் முன்னாலயா? கூச்சமா இருக்காதா?”

“அவன் என்ன கண்ணத் தொறந்தா பாக்கப் போறான்? வாங்க!”

கையைப் பிடித்து இழுத்து வந்து உட்காரவைத்தான். டாக்டர் சுந்தரபாண்டியன் மழைக்கோட்டைக் கழற்றுவதற்குள் முப்பிடாதியம்மாள் வாயைத் திறந்தாள்.

“என் மரும...”

குற்றாலிங்கம் இருமினான்.

“என் மவனே! நான் பெத்த ராசா!”

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று நிறுத்தி அவளைப் பார்த்தார்கள். தளவாயின் மனைவி சங்கரம்மாள் அழுகையோடு அழுகையாக முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது அழுகையாலா சிரிப்பாலா என்று குற்றாலிங்கத்துக்குத் தெரியவில்லை.

டாக்டர் மாலையைப் போட்டுவிட்டு முப்பிடாதியம்மாளைப் பார்த்தார்.

“அட்டையில இருக்கிற அம்மா இவங்கதானே?”

“ஆமா சார். பெத்த அம்மா.”

“மாமியார் வரலையா?”

குற்றாலிங்கம் யாக்கூப்பைப் பார்த்தான். யாக்கூப் முன்னால் வந்தார். “அவ மருமவன் எதிர வரமாட்டா சார். அம்புட்டு மரியாத.”

டாக்டர் தலையசைத்தார். வாசலில் ஸ்கூட்டரை உதைக்கும்முன் குற்றாலிங்கத்தை அருகே அழைத்தார். “உங்க அண்ணன் தனக்குன்னு ஒரு தலைவலி மாத்திரைகூட வாங்கினதில்லை. எல்லாம் இந்த அம்மாவுக்குத்தான். ரொம்ப அழவிடாதீங்க, இழுப்பு வந்துரும்.”

ஸ்கூட்டர் தெருவைத் தாண்டியதும் குற்றாலிங்கத்துக்கு மூச்சு வந்தது. உள்ளே போய்க் குனிந்தான்.

“அத்தை, போதும். டாக்டர் போயிட்டாரு.”

முப்பிடாதியம்மாள் நிமிரவில்லை. “நான் பெத்த ராசா” என்ற வரி, குரல் இறங்கி, இரைப்பும் கலந்து, திரும்பத் திரும்ப வந்தது. தளவாயின் நெற்றியில் சரிந்திருந்த முடியை அவள் விரலால் ஒதுக்கிவிட்டாள். சங்கரம்மாள் நகர்ந்து தாய்க்கு இடம் விட்டாள்.

வெளியே, பிணம் எடுக்கச் சங்கு ஊத எழுந்தவர், அவள் குரலைக் கேட்டு, மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்தார்.