தார்ப்பாய்க்குப் பின்னால்

வெல்டிங் பொறி நின்றதும் எத்திராஜ் முதலில் ராடைத்தான் சந்தேகித்தார். ஈரம் குடித்திருக்கும் என்று அதை வீசிவிட்டு, வெயிலில் காயவைத்திருந்த இன்னொன்றை ஹோல்டரில் செருகி கேட் தூணில் உரசினார். பொறி இல்லை. மறுபடியும் உரசினார். இரும்பு இரும்பைச் சுரண்டும் சத்தம் மட்டும் கேட்டது.

ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வெல்டிங் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வீட்டு கேட்டின் ஒரு கீலைப் பற்றவைப்பது அவருக்கு ஒரு வேலையே அல்ல. ஆனால் இன்று இந்தக் கீல் ஏறியாக வேண்டும். ராகுகாலம் கழிந்ததும் பூந்தமல்லியிலிருந்து மகள் வர்ஷாவை நிச்சயம் செய்ய மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பெண் கொடுக்கும் வீட்டின் கேட் சுவரில் சாய்ந்து கிடந்தால் வருகிறவர்கள் காரணம் கேட்பார்கள்.

தெருவுக்கு அவர் சொன்ன காரணம் தண்ணீர் லாரி. ரிவர்ஸ் எடுத்தபோது இடித்துவிட்டது என்று சொல்லியிருந்தார். உண்மையில் இடித்தது மகன் அரவிந்தன். குடித்துவிட்டு, தன் காரையே சொந்த வீட்டு கேட்டில் கொண்டுபோய் ஏற்றினான். விடியும் முன்பே காரோடு அவனைச் சென்னீர்குப்பத்தில் ஒரு உறவினர் ஷெட்டுக்கு அனுப்பிவிட்டார். ஆனாலும் கேட் நசுங்கிய இடத்தில் காரின் சிவப்புப் பெயிண்ட் அப்பியிருந்தது. அதைத் தேய்த்து எடுக்க அவருக்கு இன்னும் நேரம் வாய்க்கவில்லை. வெல்டர் என்று ஒருவனைக் கூப்பிட்டு அவன் குனிந்து பார்த்தால் போதும், மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால்தான் வாசலை அடைத்துத் தார்ப்பாய் கட்டி, மெஷினைச் சந்துப் பக்கம் மறைத்து வைத்துத் தானே வேலையில் இறங்கினார். கரண்ட் மெஷினுக்குத் திரும்பி வரும் எர்த் கேபிள் அங்கிருந்து தூண்வரை எட்டவில்லை. கையருகில் இருந்த போர் மோட்டாரின் இரும்புக் குழாயில் கிளாம்பை மாட்டினார். தொழிற்சாலையில் தரையே ஒரு பெரிய இரும்புத் தட்டு. கிளாம்பை எந்த மூலையில் கடிக்கவிட்டாலும் வேலை நடக்கும். முப்பது வருடப் பழக்கம் அது. காலையில் பொறியும் வந்தது. கொஞ்சம் சோகையாக வந்ததால் கரண்ட்டைக் கூட்டி வைத்துக்கொண்டார்.

மருமகள் சௌம்யா லேப்டாப்பைக் கையில் ஏந்தியபடி படியில் வந்து நின்றாள்.

"மாமா, ஹால்ல ஏதோ கருகுற வாசனை வருது."

"வெல்டிங் புகைம்மா. ஜன்னலைச் சாத்து."

"ஜன்னல் காலைலேர்ந்து சாத்திதான் இருக்கு. இது வேற மாதிரி, ரப்பர் மாதிரி..."

"எனக்கு வாசனை தெரியாதா? நீ உள்ள போ."

அவள் முகம் சுண்டிப் போனது. உள்ளே போய்விட்டாள்.

எத்திராஜ் மெஷின் முன் குந்தினார். பச்சை விளக்கு எரிந்தது. ஃபேன் ஓடியது. சூடேறினால் எரியும் மஞ்சள் விளக்கு அணைந்தே இருந்தது. ஹோல்டர் கேபிளின் இணைப்பைக் கழற்றித் துடைத்து இறுக்கினார். குழாயின் துருவை அரத்தால் உரசிவிட்டு கிளாம்பை மாற்றி மாட்டினார். பிறகும் தூணில் பொறி வரவில்லை.

தார்ப்பாய்க்கு அப்பாலிருந்து எதிர்வீட்டு வேம்புலியின் குரல் வந்தது. தண்ணீர் கேன் கடைக்காரன்.

"இன்னா சார், சத்தம் நின்னுபூட்ச்சு? மெஷின் மக்கர் பண்ணுதா? நம்மாளு ஒர்த்தன் கீறான், இட்டாரவா?"

"வேண்டாம் வேம்புலி. நானே பாத்துக்கிறேன்."

"லாரிக்காரன் மாட்னானா சார்? முனை ஊட்டுல கேமரா கீது. நம்பர் பாத்துடலாம், ரெண்டு நிமிசம்."

"அதெல்லாம் பேசி முடிச்சாச்சு."

"முடிச்சிட்டீங்களா? சரி சரி." அவன் சிரித்தது தார்ப்பாயைத் தாண்டிக் கேட்டது. செருப்புச் சத்தம் மட்டும் நகரவில்லை.

மனைவி பார்வதம் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "என்னங்க, ஃப்ரிட்ஜைத் தொட்டா சுருக்குன்னுது."

"ஈரக் கையோட தொட்டிருப்ப."

சொன்ன பிறகு அவருக்கே அந்தப் பதில் பிடிக்கவில்லை.

கோளாறு மெஷினிலா வெளியிலா என்று பார்க்க ஒரு வழி இருந்தது. ராடைக் கொண்டுபோய் மோட்டார் குழாயிலேயே உரசினார். படீரென்று பொறி சிதறியது. அப்படியென்றால் மெஷின் நன்றாக இருக்கிறது, கேபிளும் நன்றாக இருக்கிறது. குழாய்க்கும் தூணுக்கும் நடுவில்தான் எதுவோ அறுந்திருக்கிறது.

நடுவில் என்ன இருக்கிறது?

திரும்பிப் பார்த்தார். சிமெண்ட் தரை, செங்கல் சுவர். குழாயையும் தூணையும் எந்த இரும்பும் இணைக்கவில்லை. அப்படியானால் காலையிலிருந்து கரண்ட் எந்த வழியாகப் போய்வந்தது?

தூணின் உச்சியில் வாசல் விளக்கு இருந்தது. அதன் தகரக் கூட்டிலிருந்து ஒரு மெல்லிய பச்சை ஒயர் சுவருக்குள் நுழைந்தது. அது ஹால் சுவருக்குள் ஓடி, ஃபியூஸ் பெட்டியில் சேர்ந்து, அங்கிருந்து மோட்டாருக்கு வரும் எர்த் ஒயர். விளக்குக்கான நூல் போன்ற ஒயர் அது. காலையிலிருந்து அதன் வழியாகத்தான் வெல்டிங் கரண்ட்டை ஓட்டியிருக்கிறார். போதாததற்குக் கூட்டியும் வைத்திருக்கிறார்.

மெஷினை அணைத்துவிட்டு உள்ளே போனார். ஹால் சுவரில் உள்ளங்கையை வைத்ததும் எடுத்துக்கொண்டார். அடுப்பு மேடை போலச் சுட்டது. பெயிண்ட் ஒரு கோடாக உப்பியிருந்தது. அந்தக் கோட்டுக்குப் பின்னால் உருகிய ஒயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். டெஸ்டரை எடுத்து ஃபியூஸ் பெட்டியின் இரும்பு மூடியில் வைத்தார். டெஸ்டர் எரிந்தது. எர்த் ஒயரிலேயே கரண்ட் ஏறியிருந்தது. பெட்டியைத் தொட முடியாது, மெயினை அணைக்க முடியாது.

"பார்வதம், ஸ்டவ்வை அப்படியே விட்டுட்டு வெளிய வா. சௌம்யா, நீயும் வா. எதையும் தொடாதீங்க." குரலை உயர்த்தாமல் சொன்னார். "வர்ஷா எங்க?"

"தலைக்குக் குளிக்கிறா," என்றாள் பார்வதம். "ஹீட்டர் போட்டிருக்கா."

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. உள்ளே இரும்புக் குழாய், அதற்கு மேலே ஹீட்டர், அதன் எர்த் ஒயரும் இதே பெட்டியில்தான் சேர்ந்தது. பார்வதம் கூப்பிட வாயைத் திறந்தாள். அவர் அவள் வாயைப் பொத்தினார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால், பதில் சொல்வதற்கு முன் வர்ஷா குழாயை மூடத்தான் கையை நீட்டுவாள்.

தெருவில், வேம்புலி கடையை ஒட்டி மின்வாரியப் பெட்டி இருந்தது. அதில் இந்த வீட்டின் ஃபியூஸைப் பிடுங்கினால் எல்லாம் அடங்கிவிடும். வாசலுக்கு ஓடினார். தார்ப்பாயின் முன் அவர் கால் ஒருகணம் நின்றது. அந்த ஒருகணத்தை இனி எந்நாளும் அவரால் மறக்க முடியாது.

தூணைத் தொடாமல் தார்ப்பாயைப் பிடித்து இழுத்தார். கயிறு அறுந்து அது மொத்தமாக விழுந்தது.

"வேம்புலி, எங்க வீட்டு ஃபியூஸைப் பிடுங்கு. கேள்வி கேக்காத. என் பொண்ணு உள்ள இருக்கா."

வேம்புலி அவர் முகத்தைப் பார்த்தான். உடனே ஓடினான். பெட்டிக் கதவு இடித்துத் திறந்த சத்தம் கேட்டது. வீட்டுக்குள் ஃபேன்கள் ஓய்ந்தன. தண்ணீர் மட்டும் இன்னும் விழுந்துகொண்டிருந்தது.

"வர்ஷா," என்று கூப்பிட்டார். பதில் இல்லை. கதவைத் தட்டினார். "வர்ஷா."

"என்னப்பா? கரண்ட் போச்சா? கண்ணெல்லாம் ஷாம்பு."

எத்திராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டார். சுவர் இன்னும் சுட்டது. உப்பிய கோட்டின் ஒரு முனை வெடித்து அதிலிருந்து புகை நூலாகக் கசிந்தது.

அவர் வெளியே வந்தபோது அக்கம்பக்கத்தார் கூடியிருந்தார்கள். வேம்புலி ஃபியூஸைக் கையில் வைத்தபடி சாய்ந்து கிடந்த கேட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"தண்ணி லாரி செவப்பு கலரா சார்?"

தெருமுனையில் மாப்பிள்ளை வீட்டாரின் வண்டி திரும்பியது. முன்சீட்டில் பூத்தட்டு தெரிந்தது. காலடியில் தார்ப்பாய் கிடந்தது. குனிந்து எடுத்து நசுங்கிய இடத்தின் மேல் போட்டுவிட நேரம் இருந்தது. எத்திராஜ் குனியவில்லை. வண்டி வந்து நின்று அதன் கதவுகள் திறக்கும்வரை முதுகு வளையாமல் நின்றார்.

"லாரி இல்ல வேம்புலி," என்றார், இறங்கியவர்களுக்கும் கேட்கும்படி. "என் மகன்."